மன்னார், அரிப்பு, பூநகரி: ஒருநாள் வான் ஹயர் எப்படி?

மன்னார் ரவுணில் வான் ஹயருக்குப் பிடித்தால் அரிப்பு, மன்னார்க் கோட்டை, பூநகரி மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம். சாரதிமாருக்குப் பாதை நல்ல பழக்கம், அதில் குறையில்லை. குறை நேரம் ஒதுக்குவதில்தான். கோட்டை ரவுணோடு ஒட்டி இருக்கிறதென்று முதலில் அங்கே இறக்கி, அரிப்புக்கு உச்சி வெயிலில் கொண்டுபோய் 20 நிமிடத்தில் ஏறச் சொன்னால் காசு வீண்.

விடிய 6 மணிக்கே நேரே அரிப்புக்கு விடச் சொல்லுங்கள். ஒன்றரை மணி நேரம் அங்கே வேண்டும். ஊரவர் அல்லிராணிக் கோட்டை என்று சொல்லும் டொரிக் மாளிகை, பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்க்கக் கட்டியது, 1804இல் முடிந்தது. செங்கல்லின் மேல் சிப்பி சுட்ட சுண்ணாம்புச் சாந்து. சாந்து உதிர்ந்த இடங்களில் கட்டிய விதம் அப்படியே தெரியும். கடல் மண்மேட்டை அடியில் அரிப்பதால் மேலே சுவர்கள் சரிந்துகொண்டே போகின்றன. விளிம்பிலும் நிற்க வேண்டாம், கீழே கரையிலும் நிற்க வேண்டாம். மழைக்கு மறுநாள் இன்னும் தள்ளி நில்லுங்கள். இன்று நிற்கிற சுவர் அடுத்த மாரிக்குப் பிறகும் நிற்குமா என்பது நிச்சயமில்லை, அதனால்தான் இதற்கு இவ்வளவு நேரம். பக்கத்திலுள்ள சின்ன அரிப்புக் கோட்டையையும் தவற விடாதீர்கள். கண்டி இராச்சியத்தில் 19 வருடம் பிடிபட்டிருந்த ரொபேட் நொக்ஸ், அருவியாற்றைப் பிடித்துக் காட்டுக்குள்ளால் வந்து 1679இல் ஒல்லாந்தரிடம் சேர்ந்தது இங்கேதான். தண்ணீர், தொப்பி கொண்டு போங்கள்.

மன்னார்க் கோட்டைக்கு ஒரு மணி நேரம் காணும். 1560இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் கைக்குப் போனது. நான்கு கொத்தளங்கள், உள்ளே இடிந்த தேவாலயம். மதிலில் ஏறினால் பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

ஏ32 வீதியில் விடத்தல்தீவு, வெள்ளாங்குளம், முழங்காவில் தாண்டிப் பூநகரி. பெற்றோலை மன்னாரிலேயே அடித்துவிடுங்கள். பூநகரிக் கோட்டை சிறியது, அரை மணி நேரம் போதும்.

ஹயர் பேசும்போது காத்திருக்கும் நேரம் கணக்கில் சேர்ந்ததா என்று கேளுங்கள். சங்குப்பிட்டிப் பாலத்தால் யாழ்ப்பாணம் போய் இறங்குவதென்றால், வான் வெறுமையாகத் திரும்பும் கிலோமீட்டருக்கும் காசு கேட்பார்கள். அதை முதலே பேசி முடியுங்கள். மன்னாருக்குத் திரும்புகிறவர்கள் பூநகரியிலிருந்து 4 மணிக்கே வெளிக்கிடுங்கள். இருட்டினால் மாடுகள் தார் றோட்டில் படுத்திருக்கும், கறுப்பு மாடு கிட்டப் போகும்வரை தெரியாது.