டின் இல்லாத அடிப்பெயிண்ட்: ஒரு வருடம் கடலில் ஓட்டிப் பார்த்த பிறகு

போன தடைக்காலத்தில் எங்கள் இரும்பு விசைப்படகுக்கு அடித்த அடிப்பெயிண்ட் (பாசியும், கொட்டலசு என்கிற ஓடுள்ள கடலுயிரியும் படகின் அடியில் ஒட்டாமல் தடுப்பது) எப்படி இருக்கிறது என்று அக்கரைப்பேட்டையில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மறுபடி கரையேற்றிப் பார்க்காமல் சொல்லக் கூடாது என்று இருந்தேன். ஏப்ரல் 15-ல் தடை தொடங்கியது, அடுத்த வாரமே படகு மேலே வந்தது. பார்த்தாயிற்று, சொல்கிறேன்.

செங்கல் நிறம், 20 லிட்டர் டப்பா, குப்ரஸ் ஆக்சைடு (தாமிரச் சேர்மம்) கலந்த, கடல்நீரில் தானாகத் தேயும் வகை. கம்பெனி பெயரைப் போடவில்லை, ஏனென்றால் கீழே கடைக்காரரோடு நடந்த சண்டையும் வருகிறது. டப்பாவின் மேல் கொட்டை எழுத்தில் 'டிபிடி ஃப்ரீ' என்று இருந்தது, அதாவது பழைய பெயிண்டுகளில் இருந்த டிரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயச் சேர்மம் இதில் இல்லை. அப்பாவுக்கு அதைப் படித்துச் சொன்னதும் சிரித்தார். "இல்லைங்கிறதையே பெருமையா போட்டு விக்கிறான் பாரு பாப்பா. அது இருந்தப்பதான் மூணு வருசம் சுரண்டாம ஓட்டுனேன்."

தொண்ணூறுகளில் கப்பல் பெயிண்டர் ஒருவர் மூலமாக அவருக்குக் கிடைத்த இரண்டு டப்பாக்களைப் பற்றிய பேச்சு அது. எங்கள் வீட்டில் அந்தப் பெயிண்டுக்குக் கிட்டத்தட்ட முன்னோர் அந்தஸ்து.

எனக்கும் அந்த டின்னோடு (டப்பா அல்ல, வெள்ளீயம்) பழக்கம் உண்டு, வேறு வழியில். எம்.எஸ்ஸி. வேதியியல் புராஜெக்டில் நான் செய்தது டிரைபியூட்டைல்டின் கார்பாக்சிலேட்டுகள். டிரைபியூட்டைல்டின் ஆக்சைடையும் ஒரு கார்பாக்சிலிக் அமிலத்தையும் டொலுயீனில் போட்டுக் கொதிக்கவிட வேண்டும். வினையில் வெளிவரும் தண்ணீர் பக்கக் குழாயில் சொட்டுச் சொட்டாகச் சேரும். மொத்தமாகக் கால் மில்லிகூட வராது, ஆனால் அந்தச் சொட்டுகள் நின்றால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் கையுறையில் ஓட்டை இருந்தது தெரியவில்லை. தொட்டபோது ஒன்றும் ஆகவில்லை, சாயங்காலம் பஸ்ஸில் வரும்போதுதான் விரல் எரிய ஆரம்பித்தது. அந்த ஆக்சைடின் குணமே அதுதான், சாவகாசமாகச் சுடும்.

அதன் உருவமும் அழகு. டிரைபியூட்டைல்டின் அசிட்டேட் போன்றவை திடநிலையில் தனித்தனி மூலக்கூறாக இருக்காது. டின்னைச் சுற்றி மூன்று பியூட்டைல் ஒரே தளத்தில் நிற்க, மேலும் கீழும் ஆக்சிஜன் பிடித்துக்கொண்டு சங்கிலியாக நீளும். கரைப்பானில் போட்டால் சங்கிலி உடைந்து நான்கு பிணைப்போடு தனித்தனியாகிவிடும். பாக்டீரியா வளர்க்கும் அகர் தட்டில் வைத்துப் பார்த்தபோது ஸ்டஃபைலோகாக்கஸ் பக்கம் பளிச்சென்று வட்டம் விழுந்தது, அதாவது அங்கே கிருமி வளரவில்லை. ஈ.கோலை பெரிதாகக் கண்டுகொள்ளவே இல்லை. டின்னில் மூன்று கரிமக் கைகள் இருந்தால்தான் வீரியம், எத்தைல் என்றால் பாலூட்டிகளுக்கு ஆபத்து, பியூட்டைல் என்றால் பூஞ்சைக்கும் சில வகை பாக்டீரியாவுக்கும் என்று 1950-களிலேயே நெதர்லாந்தின் யூட்ரெக்டில் வான் டெர் கெர்க் குழு கண்டறிந்திருந்தது.

அப்பா மெச்சிய பெயிண்டிலும் இதே பிணைப்புதான். பெயிண்டின் பாலிமரிலேயே டிரைபியூட்டைல்டின் எஸ்டராகக் கோக்கப்பட்டிருக்கும். லேசான காரத்தன்மை உள்ள கடல்நீர் அந்தப் பிணைப்பை வெட்ட, மேல்தோல் மட்டும் கரைந்து போய்ப் புதுத்தோல் வரும். கப்பல்களில் 5 வருடம் தாங்கியது அதனால்தான்.

ஆனால் வெட்டுப்பட்ட டின் எங்கே போகும்? பிரான்சில் அர்க்காஷோன் விரிகுடாவில் சிப்பிகளின் ஓடு அறை அறையாகத் தடித்து விற்க முடியாமல் போனது. 1982-ல் அந்த நாடு 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கு இதைத் தடுத்தது. இங்கிலாந்துக் கரையில் பெண் கடல்நத்தைகளுக்கு ஆண்குறி முளைத்தது. அதற்கு லிட்டருக்கு ஓரிரு நானோகிராம் போதும். 2001-ல் இதைக் கப்பல்களில் தடுக்கும் உலக ஒப்பந்தம் வந்து 2008-ல் அமலுக்கு வந்தது. நண்டையும் சங்கையும் விற்றுச் சாப்பிடும் ஊரில் பிறந்துவிட்டு, அந்தப் பெயிண்ட் திரும்ப வர வேண்டும் என்று என்னால் ஏங்க முடியவில்லை. அப்பாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப கொட்டலசை நீயே சுரண்டு" என்றார்.

சரி, புதுப் பெயிண்டுக்கு வருவோம். டின் இருந்த இடத்தில் இதில் துத்தநாகம், தேயும் தந்திரம் ஏறக்குறைய அதேதான். கொல்லும் வேலை தாமிரத்துக்கு. கூடவே ஜிங்க் பைரிதியோன், பொடுகு ஷாம்பூவில் வருமே, அதுதான். படகுக்குத் தலை குளித்துவிட்டது போல.

ஒரு வருடம் கழித்து: பக்கவாட்டில் கை வைத்துத் தடவினால் வழுவழுவென்று சளி மட்டும். ஓஸ் பைப்பில் அடித்ததும் போய்விட்டது. தண்ணீர்மட்டத்தை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்குப் பச்சைப் பாசி. அடியில்தான் வேடிக்கை. போன வருடம் படகு முட்டுக்கட்டைகளில் உட்கார்ந்திருந்த இடங்களில் பெயிண்ட் படவில்லை. அங்கே மட்டும் கொட்டலசு, கட்டையின் அளவுக்கே, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நீள்சதுரமாக. பக்கத்தில் ஒரு விரல் தள்ளி ஒன்றுகூட இல்லை. இதைவிட நல்ல ஆய்வை என் புராஜெக்டில்கூட நான் செய்யவில்லை.

குறை: இரண்டு டப்பாவில் ஒன்றின் அடியில் தாமிரம் களிமண்ணாக இறுகிக் கிடந்தது. பழைய சரக்கு. மாற்றித் தரச் சொன்னால், "தின்னர் ஊத்திக் கலக்குங்கம்மா" என்றார் கடைக்காரர். கலக்கக் கூடாது. தண்ணியாகிவிட்டால் ஒரு கோட்டில் ஏற வேண்டிய கனம் ஏறாது. இடது பக்கப் பின்பகுதியில் அந்த டப்பாதான், பாசி அங்கேதான் அதிகம். விலையும் சாதாரணச் சிவப்புப் பெயிண்டைப் போல மூன்று மடங்கு.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். இரும்பில் எப்பாக்சி பிரைமர் இல்லாமல் அடிக்காதீர்கள். அலுமினியத் தகடு போட்ட மரப்படகுக்கு இது வேண்டவே வேண்டாம், தாமிரம் அலுமினியத்தை அரித்துவிடும். அப்புறம், தடை தொடங்கியதும் அடித்துவிட்டு இரண்டு மாதம் முகத்துவாரத்தில் கட்டிப்போட்டால் காசு வீண். ஓடினால்தான் இது தேயும், தேய்ந்தால்தான் வேலை செய்யும். ஜூன் முதல் வாரத்தில் அடித்து, தடை முடிந்ததும் நேராகக் கடலுக்கு விடுவதே சரி.

இந்த வருடமும் இதையேதான் வாங்குகிறோம், வேறு கடையில். மூடியைத் திறந்து அடிவரை குச்சி விட்டுப் பார்த்த பிறகுதான் பணம் என்று அப்பாவே சொல்லிவிட்டார். முட்டுக்கட்டைகளையும் இந்த முறை ஒரு அடி தள்ளி வைக்கிறோம்.