சுங்கை சிப்புட் மசாலா கடையில் குவாத்தமாலா ஏலக்காய்: தே போட வாங்கலாம், பால்கோவாவுக்கு வேண்டாம்

எங்கள் ஒட்டுக்கடையில் காலைப் பசியாறலுக்கு ஓடும் மசாலா தே அளவுக்கு இடுக்கி ஏலக்காய் போட்டால் கட்டுப்படியாகாது. அதனால் சந்தைக்குப் பின்வரிசையில் இருக்கும் மசாலா கடையில் கொஞ்ச காலமாகக் குவாத்தமாலா காய்தான் எடுக்கிறேன். 100 கிராம் 17 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), இடுக்கி 24. "உள்ளூரா, வெளிநாடாக்கா?" என்று கடைக்காரத் தம்பி கேட்பான். அவன் கணக்கில் கேரளா உள்ளூர்.

காய் பச்சை மாறாமல் இருக்கிறது. நகத்தால் கீறினால் விதை கறுப்பாக, விரலில் லேசாகப் பிசுபிசுக்கிறது. ஒரு தடவை பாக்கெட்டின் அடியில் வெளுத்த சொத்தைக் காய்கள் கிடந்தன. காட்டியதும் தராசில் போட்டு அந்த எடைக்கு நல்ல காய் அள்ளிக் கொடுத்தான். கொதிக்கிற தேயிலையில் தட்டிப் போட்டதும் வாசனை குப்பென்று ஏறும். ஆனால் நிற்காது. தீபாவளி பால்கோவா ஆர்டருக்குப் போட்டுப் பார்த்தேன், மறுநாளே வாசனையைத் தேட வேண்டியிருந்தது. இனிப்புக்கு இடுக்கியே சரி.

மூட்டையின் மேல் கோபான் என்று ஊர்ப்பெயர் பார்த்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து தேடிப் படித்தேன். மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் ஆல்டா வெராபாஸ் மலைநாட்டில் இருக்கிறது அந்த ஊர். கெக்சி என்ற மாயா மக்களின் பூமி. காப்பி பயிரிட வந்த ஜெர்மன் துரைமார் அங்கே பெரும் தோட்டங்கள் போட்டார்கள். அவர்களில் ஒருவரான ஆஸ்கார் க்ளோஃபர்தான் 1914 வாக்கில் ஏலக்காயையும் அங்கே கொண்டுபோனார். இன்று உலகச் சந்தைக்கு ஏலக்காய் அனுப்புவதில் அந்த நாடு முன்வரிசையில். வேடிக்கை என்னவென்றால், விளைவிக்கிறவர்கள் அதைச் சமையலில் சேர்ப்பதே அரிது. பெரும்பகுதி அரபு நாட்டுக் காப்பிக்குப் போகிறது.

அந்தத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கதையைப் படித்தபோதுதான் எனக்குத் தூக்கம் போனது. 1877இல் அந்நாட்டு அதிபர் பாரியோஸ் ஆட்சி போட்ட சட்டப்படி, தோட்டம் கேட்டால் ஊர் ஆள் அனுப்பியாக வேண்டும். ஆளுக்கொரு கணக்குப் புத்தகம். வாங்கிய முன்பணம் அதில் ஏறும், இறங்காது. 1934இல் அதிபர் ஊபிக்கோ இந்தக் கடன் முறையை எடுத்துவிட்டு வேறொரு சட்டம் கொண்டுவந்தார்: போதிய நிலமில்லாதவன் வருஷத்துக்கு 100 அல்லது 150 நாள் கூலி வேலை செய்ததைப் புத்தகத்தில் காட்ட வேண்டும், இல்லையென்றால் சோம்பேறி என்று பிடித்துப் போவார்கள். எங்கள் தாத்தா கங்காணி கூட்டிவந்த ஆள். காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் பேர் விழாத நாளுக்குக் கூலி கிடையாது, தோட்டத்துக் கடைப் பற்று மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும் என்பார். துரைமார் எல்லா ஊரிலும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போலிருக்கிறது.

நிலம் கேட்டதற்கு அங்கே கிடைத்தது துப்பாக்கிச் சூடு. 1978 மே 29, பான்சோஸ் ஊர்ச் சதுக்கத்தில் மனுவோடு கூடிய கெக்சி மக்களை ராணுவம் சுட்டது. முன்னால் நின்ற மாமா மாக்கின் (அங்கே 'மாமா' என்றால் அம்மா) என்ற மூதாட்டியும் செத்தார். 1960 முதல் 1996 வரை நீண்ட உள்நாட்டுப் போரில் செத்தவர்களும் காணாமல் போனவர்களும் 2 லட்சத்துக்கு மேல். அடையாளம் தெரிந்தவர்களில் 83 விழுக்காடு மாயா மக்கள் என்று உண்மை ஆணையம் எழுதியிருக்கிறது.

இப்போது சிறு விவசாயிகளும் ஏலம் போடுகிறார்கள். ஆனால் பறித்த காயைச் சீக்கிரம் உலர்த்தாவிட்டால் கெட்டுப்போகும், விறகு உலர்த்தியோ வசதியுள்ளவர்களிடம். தரகர் சொன்ன விலைக்குப் பச்சையாகவே தள்ளிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். என் 17 வெள்ளியில் அவர்களுக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டேன். "எனக்கே ஈப்போ மொத்தக் கடைதான் தெரியும்க்கா," என்றான் தம்பி. அதற்காக அவனைக் குறை சொல்ல முடியாது. எந்த நாட்டுச் சரக்கு என்பதை மறைக்காமல் அட்டையில் எழுதி வைக்கிற கடை இந்த ஊரில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

பிரித்த மூட்டையில் அள்ளாமல் புதிதாகப் பிரிக்கச் சொல்லுங்கள், முகம் சுளிக்காமல் செய்வான். ஏலத்தூள் பாக்கெட் மட்டும் வேண்டாம், தோலோடு அரைத்தது. கார்டு கிடையாது, ரொக்கம்தான். திங்கள்கிழமை கடை அடைப்பு.