முதல் ஏர் ரைபிள்: குன்னூர் ஈரத்துக்கு ஸ்பிரிங்கா, பிசிபியா?

முதல் ஏர் ரைபிள் வாங்கப் போகிற எல்லோரும் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: ஸ்பிரிங் விசையில் சுடும் ரைபிளா, அழுத்திய காற்றை முன்கூட்டியே அடைத்து வைத்துச் சுடும் பிசிபியா? என் அண்ணன் மகள் என்.சி.சி.யில் பாயின்ட் 22 ரைபிளைத் தொட்ட நாளிலிருந்து, பத்து மீட்டர் போட்டிக்குப் பழக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். வீட்டில் பேசி, கோயம்புத்தூர் போய் நாலு இடத்தில் விசாரித்து, கடைசியில் ஸ்பிரிங் ரைபிள்தான் வாங்கினோம். பணம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் நாங்கள் இருக்கும் ஊர். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வருஷத்தில் பாதி நாள் மேகம் வீட்டுக்குள் வந்து போகும். சமவெளியில் இருப்பவர்கள் சொல்லும் யோசனையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் சரிவராது. மலையில் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2016 ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டருக்கு மேல் துளையோ 20 ஜூலுக்கு மேல் ஆற்றலோ உள்ள ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டும். பத்து மீட்டர் போட்டிக்கான ரைபிள் 4.5 மில்லிமீட்டர்தான், ஆற்றலும் அந்த வரம்பில் பாதியைத் தொடாது. அதனால் கடையில் அடையாள அட்டை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். தோட்டத்தில் இறங்கும் குரங்கையும் காட்டுமாட்டையும் விரட்டத்தான் கேட்கிறேன் என்பவர்கள் தயவுசெய்து இந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள். வனவிலங்கைச் சுடுவது குற்றம், அது துடிதுடித்துச் சாவது பெரிய பாவம். இது அட்டையில் ஓட்டை போடும் விளையாட்டு, அவ்வளவுதான்.

இனி இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஸ்பிரிங் ரைபிளில் பேரலை மடக்கினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அழுந்தி மாட்டிக்கொள்ளும். டிரிகரை இழுத்ததும் பிஸ்டன் பாய்ந்து, அந்த நொடியில் இருக்கும் காற்றை அழுத்திக் குண்டைத் தள்ளும். பிசிபியில் காற்றை முன்கூட்டியே சிலிண்டரில் 200 பார் அளவில், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ இருநூறு மடங்கில், அடைத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு முறை சுடும்போதும் வால்வு திறந்து கொஞ்சம் காற்றை விடும்.

துல்லியத்தில் பிசிபிதான் மேல். போட்டி அட்டையில் கறுப்பு வட்டமே 30.5 மில்லிமீட்டர், நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கிய போட்டி இதுதான். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டனில் வெண்கலம் வாங்கியதும் இதில்தான். இன்று அந்த மட்டத்தில் சுடுபவர்கள் கையில் இருப்பது பிசிபி. அதில் உதையே இருக்காது. ஸ்பிரிங்கில் பிஸ்டன் முன்னே பாயும்போது ரைபிள் பின்னால் வரும், பிஸ்டன் போய் நிற்கும்போது முன்னால் இழுக்கும். இரண்டும் குண்டு பேரலை விட்டு வெளியேறும் முன்பே நடந்துவிடுகிறது.

ஆனால் பழகுகிறவருக்கு இந்த உதை நல்ல வாத்தியார் என்பது என் எண்ணம். முதல் வாரத்திலேயே பெண் சொன்னாள், "சித்தப்பா, நான் பிடிக்கிறதுக்கு ஏத்த மாதிரி குண்டு இடம் மாறுது." அதேதான். முன்கையை இறுக்கினால் ஒரு இடம், தளர்த்தினால் ஒரு இடம், தோளில் அழுத்தினால் இன்னொரு இடம். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி, தளர்வாகப் பிடித்து, குண்டு அட்டையில் பட்ட பிறகும் அசையாமல் நிற்கப் பழகினால்தான் குண்டுகள் ஒரே இடத்தில் விழும். பிசிபியில் இந்தப் பிழைகள் பாதி மறைந்துபோகும், பழகுகிறவருக்குத் தன் கை செய்வது தெரியாது. உதையே வராத ஸ்பிரிங் ரைபிளும் உண்டு. ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பாவ் 300 வரிசையில் பேரலும் எந்திரப் பகுதியும் கட்டைக்கு மேலே தண்டவாளத்தில் போல நகர்ந்து உதையை வாங்கிக்கொள்ளும். ஆனால் நம் பட்ஜெட்டில் அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

விலையில் ரொம்ப நேரம் நிற்க வேண்டியதில்லை. உள்நாட்டில் செய்யும் நல்ல ஸ்பிரிங் ரைபிள் பதினைந்தாயிரத்தை ஒட்டிக் கிடைக்கும். பிசிபி அதைப் போல மூன்று நான்கு மடங்கு. வெளிநாட்டுப் போட்டி ரைபிள் என்றால் லட்சக் கணக்கு, அதற்கு இறக்குமதிக் கட்டுப்பாடும் சேரும். பிசிபி வாங்குகிறவர் ரைபிள் விலையோடு நிறுத்திக்கொள்ள முடியாது, காற்றடிக்கும் பம்பும் வாங்க வேண்டும். பிரச்சினையே அந்தக் காற்றில்தான்.

கையால் அடிக்கும் பம்ப் பார்க்கச் சைக்கிள் பம்ப் மாதிரி இருக்கும், ஆனால் இருநூறு பார் வரை ஏற்ற வேண்டியதால் கடைசி அடிகளுக்கு உடம்பு எடையைக் கொடுத்து அழுத்த வேண்டும். உயரம் அந்த வேலையை இன்னும் கூட்டுகிறது. குன்னூரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். ஒவ்வொரு அடிக்கும் பம்புக்குள் போகும் காற்றும் அந்த அளவுக்குக் குறைவு. சென்னை மாதிரிக் கடலோர ஊரில் 100 அடியில் முடிகிற வேலைக்கு இங்கே சுமார் 125 அடி ஆகும். ஊட்டி 2,240 மீட்டர், அங்கே கிட்டத்தட்ட 130. நடுவில் பம்ப் சூடாகும், நிறுத்தி ஆறவிட வேண்டும், இல்லையென்றால் சீல் போய்விடும். பதினாலு வயதுப் பெண் பயிற்சிக்கு முன்னால் இதைச் செய்துவிட்டு வந்தால் கை நடுங்காமல் எப்படி நிற்கும்? வீட்டில் இருக்கும் பெரியவர்தான் தினமும் அடித்துக் கொடுக்க வேண்டும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஈரத்தைப் பொறுக்க முடியாது. 15 டிகிரியில், மேகம் சூழ்ந்த காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 13 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். ஒரு முறை நிரப்ப 20 லிட்டர் காற்று உள்ளே போகிறது என்று வைத்துக்கொண்டால் கால் கிராம், அதாவது நாலைந்து துளி. காற்றை இருநூறு மடங்கு அழுத்தும்போது அந்த ஆவி ஆவியாகவே இருக்காது, தண்ணீராகப் பிரிந்துவிடும். அதில் ஒரு பகுதி பம்புக்குள் நிற்கும், மீதி சிலிண்டருக்குப் போகும். காற்றை ஒரே அழுத்தத்தில் விடும் ரெகுலேட்டர், வால்வு, ஓ-ரிங் என்கிற சின்னச் சின்ன ரப்பர் வளையங்கள் எல்லாம் இருக்கும் வழி அதுதான்.

இதற்குத்தான் பம்பின் காற்று நுழையும் வாயில் சிலிகா ஜெல் உருண்டைகள் போட்ட ஒரு குப்பி மாட்டுகிறார்கள். கோத்தகிரியில் பிசிபி வைத்திருக்கும் நண்பர் வீட்டில் அதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். நீல உருண்டைகள் ஓரத்திலிருந்து வெளுக்க ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் முழுக் குப்பியும் ரோஸ் நிறத்துக்கு வந்துவிடும். அவர் அதைத் தட்டில் கொட்டி, அடுப்பில் மெதுவாகச் சூடு காட்டி நீலத்துக்குக் கொண்டுவந்து மறுபடி போடுவார். பம்பின் அடியில் இருக்கும் திருகைத் திறந்தால் காற்றோடு வெள்ளைப் புகை மாதிரி தண்ணீர் சீறும். எங்கள் பக்கம் பெரிய மழை ஐப்பசி கார்த்திகையில்தான். அந்த மாதங்களில் அவருக்கு இது அன்றாட வேலை. குப்பியை மறந்தால் வால்வு கசியும். கசிவைச் சரிசெய்ய உள்ளூரில் ஆள் இல்லை. ரைபிளைக் கழற்றிக் கீழே அனுப்ப வேண்டும். மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் அதுவும் தள்ளிப்போகும்.

சிலர் கீழே போய் கம்ப்ரஸரில் உலர்ந்த காற்று நிரப்பிக்கொண்டு வருகிறார்கள். காற்றின் தரத்துக்கு அதுதான் சரியான வழி. ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 35 டிகிரி வெயிலில் 200 பார் நிரப்பிய சிலிண்டர், குன்னூரில் ராத்திரி 12 டிகிரிக்கு வந்ததும் மீட்டரில் 185 காட்டும். கசியவில்லை, குளிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இது தெரியாமல் சிலிண்டரைக் கழற்றி ஓ-ரிங்கை மாற்றினால் வீண் செலவு. காரிலேயே மாட்டி ஓட்டும் சின்ன மின்சாரக் கம்ப்ரஸர்களும் வந்துவிட்டன. நான் அவற்றை வைத்துப் பழகியதில்லை. ஆனால் அவையும் இதே மேகத்தைத்தான் உள்ளே இழுக்கும், குப்பி வேலை குறையாது.

ஸ்பிரிங் ரைபிளில் இந்தக் கவலை ஒன்றும் இல்லை. காற்றை அது சேர்த்து வைப்பதே இல்லை. ஈரக் காற்று உள்ளே வந்த வேகத்தில் குண்டோடு வெளியே போய்விடுகிறது. பராமரிப்பெல்லாம் வெளிப்பக்கம், கண்ணுக்குத் தெரியும் இடத்தில். இரும்பில் விரல் பட்ட இடம் மழைக்காலத்தில் மறுநாள் காலை பழுப்பாகத் தெரியும். அதனால் சுட்டு முடித்ததும் பேரலையும் லீவரையும் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டுத்தான் வைப்போம். ஸ்பாஞ்ச் வைத்த பெட்டியில் மூடி வைக்கக் கூடாது, ஸ்பாஞ்ச் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு இரும்போடு ஒட்டி நிற்கும். நாங்கள் பூட்டுள்ள மர அலமாரியில் நிறுத்தி வைக்கிறோம், கீழே சிலிகா ஜெல் பொட்டலங்கள். மரக்கட்டை ஈரத்தில் உப்பிக் காய்வதால் திருகுகள் தளரும். மாதம் ஒருமுறை திருப்பிப் பார்த்தால் போதும். குண்டு டப்பாவையும் இறுக்க மூடுங்கள். ஈரத்தில் ஈயம் வெள்ளைப் பொடி பூத்துவிடும், அந்தக் குண்டு நேராகப் போகாது. ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது, பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

உள்ளே செய்ய வேண்டியது குறைவு, செய்யக் கூடாதது கொஞ்சம் அதிகம். பிஸ்டன் இருக்கும் அறையில் எண்ணெய் விடவே கூடாது. அழுத்தத்தின் சூட்டில் அது டீசல் என்ஜின் மாதிரியே பற்றிப் பட்டென்று வெடிக்கும், புகை வரும், சீலும் ஸ்பிரிங்கும் கெடும். குண்டில்லாமல் டிரிகரை இழுக்கக் கூடாது. மடக்கி வைத்தபடி விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஸ்பிரிங் தளர்ந்தால் மாற்றுவது பெரிய செலவில்லை. ஆனால் அதை வீட்டில் கழற்ற வேண்டாம், அழுந்தி இருக்கும் ஸ்பிரிங் முகத்தில் பாயும். மார்கழிக் காலையில் கிரீஸ் இறுகியிருப்பதால் முதல் சில குண்டுகள் கீழே விழும். அவற்றைக் கணக்கில் எடுக்காமல் சுட்டுவிட்டு அப்புறம் அட்டையை மாட்டலாம்.

பழையது வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஸ்பிரிங் என்றால் தைரியமாகப் பார்க்கலாம். பேரலை மூடிய நிலையில் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள், துளி அசைவு இருந்தாலும் வேண்டாம், வேறு பாருங்கள். பழைய பிசிபியில் முதலில் பார்க்க வேண்டியது சிலிண்டரில் அடித்திருக்கும் தேதி. போட்டி ரைபிள் கம்பெனிகள் பொதுவாகப் பத்து வருஷம்தான் ஆயுள் கொடுக்கின்றன, தேதி தாண்டிய சிலிண்டரைப் போட்டியில் ஏற்க மாட்டார்கள். விலை சல்லிசாக இருக்கிறதே என்று வாங்கிவிட்டு, புது சிலிண்டருக்கு அதே அளவு பணம் கொடுத்தவர்கள் உண்டு.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது: பக்கவாட்டு லீவரை ஒரே ஒரு முறை இழுத்து மூடினால் ஒரு குண்டுக்கான காற்று சேரும். 1984 லாஸ் ஏஞ்சலஸில் ஏர் ரைபிள் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்த காலத்தையொட்டி வந்த ஃபைன்வெர்க்பாவ் 600 வரிசை இப்படித்தான். உதையும் இல்லை, சிலிண்டரும் இல்லை, ஈரத்தைச் சேர்த்து வைப்பதும் இல்லை. மலைக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்றுகூடத் தோன்றுகிறது. நான் ஒருவருடையதை வாங்கிச் சில குண்டுகள் சுட்டுப் பார்த்ததோடு சரி, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். நல்ல நிலையில் ஒன்று கைக்கு வந்தால், லீவரை மூடி ஐந்து நிமிஷம் விட்டுவிட்டுச் சுட்டுப் பாருங்கள். குண்டு அதே வேகத்தில் போனால் சீல் நன்றாக இருக்கிறது.

அப்படியானால் மலையில் யார் பிசிபி வாங்கலாம்? மாவட்டப் போட்டியைத் தாண்டி மாநிலப் போட்டிக்குப் போகிறவர்கள், வாரம் ஒரு முறையாவது கோவைக்கு இறங்கிப் பயிற்சி எடுக்கிறவர்கள். அவர்களுக்குக் காற்று கீழேயே கிடைத்துவிடும், ஸ்கோரும் அவர்களுக்கு முக்கியம். எங்கள் பெண்ணும் அந்த இடத்துக்கு வந்தால் அப்போது வாங்கித் தருவேன். அதுவரை வீட்டு நடையில் அளந்து போட்ட பத்து மீட்டரும், பின்னால் கனமான குண்டு பிடிக்கும் பெட்டியும், இந்த ஸ்பிரிங் ரைபிளும் போதும். நீலகிரியில் ஒரு விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்: ரைபிளை வெளியே எடுத்துப் போகும்போது பில்லும் உறையில் இருக்கட்டும், முதுமலை வழியாக மைசூர்ப் பக்கம் போகும் பயணத்தில் அதை எடுத்துப் போகாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவுப்படி, சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. செக்போஸ்டில் நின்று இது விளையாட்டு ரைபிள் என்று விளக்கிக்கொண்டிருப்பதைவிட அதை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போவது நல்லது.