விலைப்பட்டியலா, சொந்தக் கதையா?

பாம்பன், மண்டபம் பக்கம் கருவாடு விற்கும் அக்காமார் பலர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் விலையை மட்டும் போடுகிறார்கள்: "நெத்திலி கிலோ இவ்வளவு." பழகிய வாடிக்கையாளருக்கு அது போதும், பார்த்த கையோடு ஆர்டர் வரும். பக்கத்துக் கடையில் பத்து ரூபாய் குறைந்தால் அதே ஆள் அங்கே போய்விடுவார்.

சொந்தக் கதை அப்படியல்ல. மதுரையில் இருப்பவருக்குக் கருவாடு என்றாலே முதல் பயம் மணல்தான். "தரையில போடமாட்டேன், உயரக் கட்டுன வலைமேலதான் காயவைப்பேன். மதியம் ஒருதரம் புரட்டணும், எங்கம்மா காட்டித்தந்த பக்குவம்" என்று காயும் மீனைக் காட்டியே பேசினால் அந்தப் பயம் தெளியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்தச் சமயம் வரத்து ஏன் குறைகிறது என்று பட்டியல் சொல்லாது, கதையில் சொல்லலாம்.

கதை உடனே காசாகாது, உண்மைதான். வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லி விற்பதும் எனக்கு உடன்பாடில்லை. இரக்கப்பட்டு வாங்குபவர் மறுபடி வருவது அரிது. தொழிலைச் சொல்லுங்கள்.

வெளியூர் ஆர்டர் வேண்டுமென்றால் கதையைத்தான் முதலில் போடச் சொல்வேன். விலையையும் அதன் கீழேயே எழுதிவிடுங்கள். தனியாகக் கேட்டு வாங்கப் பலருக்கும் பொறுமை இல்லை.