சிக்பேட்டையில் ‘ஜப்பான்’ சீம் ரிப்பர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பெங்களூரில் தையல் வேலையும், துணித் துண்டுகளைக் கட்டம் கட்டமாக இணைத்துப் போர்வை தைக்கும் குவில்ட் வேலையும் செய்கிற நம் ஆட்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். சிக்பேட்டையில் ஒரு தையல் சாமான் கடையில், ‘ஜப்பான் தயாரிப்பு’ என்று அச்சடித்த அட்டையில் சீம் ரிப்பர், அதாவது தையல் பிரிக்கும் சின்னக் கருவி, விற்கிறார்கள். ஸ்டிச் ஓபனர் என்று கேட்டாலும் அதைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். விலை 380 ரூபாய். அது நூலை வெட்டாது, துணியைத்தான் கிழிக்கும். புகார் கொடுத்து இன்னும் முடியாததால் கடையின் பெயரை எழுதவில்லை.

அல்சூரில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அக்கா, காலமாகிவிட்ட தன் அம்மாவின் கூறைப்பட்டையும் சில சுங்குடிச் சேலைகளையும் கொடுத்து, ஒரு போர்வையாகத் தைத்துத் தரச் சொல்லியிருந்தார். கட்டங்களை இணைக்கும்போது ஒரு வரிசையில் முனைகள் சேரவில்லை, அதைப் பிரிக்க வேண்டியிருந்தது. குவில்ட் வேலையில் இது சாதாரணம். கால் அங்குல ஓரம் விட்டு, இரண்டு மில்லிமீட்டர் அளவில் நெருக்கமாகத் தையல் விழுந்திருக்கும். பழைய பட்டு என்பதால்தான் பாதி ஷேவிங் பிளேடை வைத்துப் பிரிக்காமல் புதிதாக நல்ல கருவி வாங்கினேன். அந்தக் கருவிதான் ஜரிகைக்குப் பக்கத்தில் இரண்டு விரல் நீளத்துக்குப் பட்டைக் கிழித்தது. “விடும்மா, அம்மா இருந்திருந்தா உள்ளே ஒரு துணி வெச்சுத் தைச்சிருப்பாங்க” என்றார் அக்கா. அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்கு இன்னும் வேதனையாக இருக்கிறது. அந்தச் சேலைக்கு மாற்று எந்தக் கடையிலும் கிடையாது.

ஏன் கிழிந்தது என்று சொல்கிறேன். சீம் ரிப்பரில் இரண்டு கொம்பு உண்டு. நீளமான கூர்க்கொம்பு தையலுக்கு அடியில் நுழைவதற்கு. குட்டையான கொம்பின் நுனியில் இருக்கும் சிவப்பு உருண்டை துணியில் குத்தாமல் வழுக்கிப் போவதற்கு. வெட்டும் வேலை இரண்டிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள வளைவில்தான் கத்திமுனை இருக்கிறது. நான் வாங்கியதில் அந்த வளைவைத் தீட்டவே இல்லை, மேலே பளபளவென்று முலாம் பூசிவிட்டார்கள். நூல் அங்கே போய் நிற்கும், அறுபடாது. நாம் கொஞ்சம் அழுத்துவோம். திடீரென்று அறுந்ததும் கை முன்னால் பாய்ந்து, கூர்க்கொம்பு துணிக்குள் போய்விடும். பருத்தியாக இருந்தால் ஒரு ஓட்டையோடு தப்பிக்கலாம். மடிப்பில் நைந்திருக்கும் பழைய பட்டு அப்படியே நீளத்துக்குப் போகும். போதாக்குறைக்கு, கத்தித் தண்டு கைப்பிடிக்குள் சரியாக இறுகாமல் பக்கவாட்டில் திரும்பியது.

கருவியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனேன். “யூஸ் பண்ணிட்டீங்களே அக்கா” என்றார் கடைக்காரர். விடாமல் நின்றதும் இன்னொரு பாக்கெட்டை எடுத்துப் போட்டார். அங்கேயே பிரித்து, ஒரு பாலியஸ்டர் நூலை இழுத்துப் பிடித்து வளைவில் வைத்தேன். அதுவும் வெட்டவில்லை. அப்போதுதான் சொன்னார்: “சைனா மால் அக்கா, அப்படித்தான் இருக்கும்.” அட்டையில் ஜப்பான் என்று போட்டிருக்கிறதே என்று காட்டினேன். பதில் இல்லை, பணமும் தரவில்லை. சீனாவிலிருந்து வந்தது என்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை விற்றதும், தெரிந்தே விற்றதும்தான் என் கோபம்.

இனி வாங்கும்போது பாக்கெட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்க வேண்டாம். வளைவை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். தீட்டிய முனை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது, கோடாக மின்னினால் அது மொட்டை. கைப்பையில் ஒரு துண்டு நூல் எடுத்துப் போங்கள், அழுத்தாமலே அறுபட வேண்டும். மெல்லிய துப்பட்டாவின் ஓரத்தில் கூர்க்கொம்பை மெதுவாக இழுத்துப் பாருங்கள். இழை மாட்டினால் உலோகத்தில் பிசிறு இருக்கிறது என்று அர்த்தம். தண்டைப் பிடித்துத் திருகுங்கள், துளியும் அசையக் கூடாது. உருண்டையை நகத்தால் நெருடிப் பாருங்கள், சிலவற்றில் ஒட்ட வைத்த பிளாஸ்டிக் கழன்று வரும். குவில்டுக்கு மெல்லிய கொம்புள்ளதுதான் சரி. ஜீன்ஸ் பிரிக்கிற பெரிய கருவி இரண்டு மில்லிமீட்டர் தையலுக்குள் நுழையாது. கைப்பிடி உருளையாக இல்லாமல் கொஞ்சம் தட்டையாக இருந்தால் விரலில் சுழலாது, மேசையிலிருந்தும் உருண்டு விழாது. விலையை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், நாற்பது ரூபாய்க் கருவி நன்றாக வெட்டுவதையும் பார்த்திருக்கிறேன். எவ்வளவு நல்லதாக இருந்தாலும் முனை மழுங்கத்தான் செய்யும், அழுத்த வேண்டி வந்த அன்றே மாற்றிவிடுங்கள்.

பட்டில் வேலை என்றால் உருண்டையை உள்ளே விட்டுத் தையலை ஒரே இழுப்பில் பிரிப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஒரு பக்கத்தில் மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டே போய், மறுபக்க நூலை இழுத்தால் தானாகக் கழன்று வரும். அனுபவம் உள்ளவர்கள் மெடிக்கல் ஷாப்பில் 12ஆம் எண் சர்ஜிக்கல் பிளேடு வாங்கி, 3ஆம் எண் கைப்பிடியில் மாட்டிப் பயன்படுத்துகிறார்கள். பிறை மாதிரி வளைந்து உள்பக்கம் வெட்டும், மருத்துவமனையில் தையல் பிரிக்கவும் அதைப் பயன்படுத்துவதுண்டு. ஆனால் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது வேண்டாம்.

அப்புறம் பில். அந்தக் கடையில் ‘எஸ்டிமேட்’ என்று எழுதிய துண்டுச் சீட்டைத்தான் கொடுத்தார்கள். பில் கேட்டால் வரி சேர்த்து அதிகம் ஆகும் என்றார்கள். ஜிஎஸ்டி பதிவுள்ள கடை 200 ரூபாய்க்கு மேல் விற்றால், நாம் கேட்காவிட்டாலும் பில் தர வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தாலும் கேட்டால் தர வேண்டும். அட்டையையும் பாருங்கள். இறக்குமதியான பொருள் என்றால் எந்த நாட்டில் தயாரானது, இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எம்ஆர்பி எல்லாம் அச்சில் இருக்க வேண்டும். என்னிடம் உள்ள அட்டையில் ‘ஜப்பான்’ தவிர ஒன்றுமே இல்லை. எம்ஆர்பி இருக்க வேண்டிய இடத்தில் கையால் எழுதிய ஸ்டிக்கர்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிப் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். யுபிஐயில் பணம் கட்டியதற்கான பதிவு, அந்த எஸ்டிமேட் சீட்டு, அட்டை, கிழிந்த பட்டின் படங்கள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. இதே அட்டையில் நீங்களும் வாங்கியிருந்தால் பட்டுப் பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள். அட்டையைத் தூக்கிப் போடாமல், நீங்களும் 1915க்கு ஒரு போன் போடுங்கள்.