கிராம்ப்ஸ்: வன்னிக் குடும்பத்துக்குச் சரிவருமா?

குடும்ப மரம் எழுதிவைக்க உதவும், காசு கேட்காத மென்பொருள். பழைய மடிக்கணினியிலும் ஓடும், இணையம் இல்லாமலும் வேலை செய்யும். ஐந்துக்கு நான்கு போடுகிறேன். அந்த ஒன்றை ஏன் குறைத்தேன் என்பது பின்னால் வரும்.

கனடாவில் இருக்கிற பெரியப்பாவின் பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் கீறிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். "அப்பம்மாவின்ர அப்பாட பேர் என்ன?" என்று வட்சப்பில் ஒரு கேள்வி வந்தது. எங்கள் வீட்டில் மூன்று பேர் மூன்று பதில் சொன்னார்கள். அப்பாவின் ஆட்கள் முள்ளியவளை. அம்மாவின் தகப்பன் இரணைமடுக் குளத்துத் தண்ணியை நம்பித் தீவுப் பகுதியிலிருந்து வட்டக்கச்சிக்குக் காணி எடுத்து வந்தவர். 1996இல் ஒரு ஓட்டம், 2009இல் எல்லாவற்றையும் போட்டுவிட்டு இன்னொரு ஓட்டம். உறுதி, சான்றிதழ், கலியாணப் படம் என்று றங்குப்பெட்டிக்குள் இருந்த ஒன்றும் மிஞ்சவில்லை. ஆகவே நான் தேடியது அழகான மரம் கீறித் தருகிற செயலியை அல்ல. "சரியாத் தெரியாது", "ஏறக்குறைய", "ஆள் எங்கே என்று தெரியாது" என்பதையெல்லாம் முகம் சுளிக்காமல் வாங்கி வைத்துக்கொள்கிற ஒன்றை.

முதலில் பார்த்தது ஃபமிலிசேர்ச். அதுவும் இலவசம். அமெரிக்காவின் சோல்ட் லேக் சிற்றியில் மோர்மன் சபையார் 1894இல் தொடங்கிய வம்ச வரலாற்றுச் சங்கத்தின் வழிவந்தது. 24 இலட்சம் மைக்ரோபிலிம் சுருள்களை டிஜிட்டலாக்கி 2021இல் முடித்தார்கள் என்றால் அவர்களின் பொறுமையை யோசித்துப் பாருங்கள். கைத்தொலைபேசியிலேயே எல்லாம் செய்யலாம். படம் ஏற்றலாம், குரல் பதிந்து வைக்கலாம். ஆனால் அங்கே உலகம் முழுவதற்கும் ஒரே மரம்தான். இறந்தவர் என்று பதிந்த ஒருவரை யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தலாம். உயிரோடிருப்பவர் என்று பதிந்தால் மற்றவர்களின் கண்ணில் படமாட்டார். ஒவ்வோர் ஆளையும் சேர்க்கும்போது இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும்: உயிரோடிருக்கிறாரா, இறந்துவிட்டாரா. அதில் நான் நின்றுவிட்டேன். என் தம்பிக்கு எதைத் தெரிவு செய்வது?

கிராம்ப்ஸ் வேறு மாதிரி. 2001இலிருந்து தொண்டர்கள் சேர்ந்து வளர்த்துவருகிற கட்டற்ற மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், மக் மூன்றிலும் ஓடும். தரவு முழுக்க உங்கள் கணினிக்குள்ளேயே கிடக்கும். ஒருவருக்கு மரண நிகழ்வு சேர்க்காமல் விட்டால் அது துருவித் துருவிக் கேட்காது. பிறந்த ஆண்டை வைத்து, 110 வயதைத் தாண்டும்வரை "உயிரோடிருக்கலாம்" என்றே கணக்கில் வைத்திருக்கும். மரத்தை வெளியில் அனுப்பும்போது உயிரோடிருப்போரின் விபரத்தை மறைக்கச் சொன்னால் அவர்களோடு சேர்த்துத் தம்பியின் விபரத்தையும் மறைக்கிறது. அம்மா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவ, "பேரைப் போடு பிள்ளை, பிறந்த திகதியையும் போடு, மற்றதைப் போடாத" என்றா. மற்றதைப் போடவில்லை. மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாதவர்களுக்கு, ஆள் காணவில்லை என்றே ஒரு சான்றிதழ் கொடுக்கும் சட்டம் இந்த நாட்டில் 2016இல்தான் வந்தது. கிராம்ப்ஸ் எழுதியவர்கள் எங்களை நினைத்து எழுதவில்லை. ஆனாலும் வெறுமையாக விட ஓர் இடம் வைத்திருக்கிறார்கள்.

திகதிப் பெட்டி எனக்கு மிகவும் பிடித்தது. "1958க்கு முதல்", "1964 அளவில்", "இந்த ஆண்டுக்கும் அந்த ஆண்டுக்கும் இடையில்" என்று அடித்தால் அதைத் திகதியாகவே எடுத்துக்கொள்ளும். அம்மம்மா ஒருநாளும் ஆண்டு சொன்னதில்லை. "புயல் அடிச்ச வருசம் மார்கழி, மூத்தவள் கைக்குழந்தை" என்பா. 1964 டிசம்பர்ப் புயல் தெரிந்தால் பெரியம்மாவின் வயது வந்துவிடும். ஒரு குறை: யூலியன், எபிரேயம், இஸ்லாமியம் என்று வரிசையாக நாட்காட்டிகள், பிரெஞ்சுப் புரட்சிக்காரர்களின் நாட்காட்டி கூட உண்டு, எங்கள் அறுபது வருடச் சுற்று இல்லை. இறந்தவரின் நினைவாக அச்சடிக்கும் கல்வெட்டுப் புத்தகத்தில், இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பா "விரோதி வருடம்" என்று சொன்னால் அது 1949ஆ 2009ஆ என்பதை நாங்கள்தான் பார்த்து எழுத வேண்டும்.

இடங்களையும் வடிவாகக் கையாளுகிறது. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். அதற்கு முதல் யாழ்ப்பாண மாவட்டம். அம்மாவின் பிறப்புச் சான்றிதழில் யாழ்ப்பாண மாவட்டம் என்று இருக்கும், என்னுடையதில் கிளிநொச்சி, இருவரும் பிறந்தது ஒரே வளவு. ஓர் இடம் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை எதற்குள் அடங்கியது என்று கிராம்ப்ஸில் எழுதிவைக்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே நண்பிகள் இரண்டு பேருக்கு நிறுவிக் கொடுத்தேன்.

பெயர் விடயத்தில் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். குடும்பப் பெயர் என்று ஒன்று தலைமுறை தலைமுறையாகத் தொடரும் என்ற எண்ணத்தில் செய்தது. எங்களுக்கு அது தகப்பன் பெயர், ஒவ்வொரு தலைமுறையும் மாறும். ஆட்களைக் குடும்பப் பெயரால் கூட்டிக் காட்டும் பக்கத்துக்குப் போனால் "கந்தையா" என்பதன் கீழ் ஒன்றுக்கொன்று சொந்தமேயில்லாத மூன்று வீட்டுப் பிள்ளைகள் நிற்பார்கள். அதை மூடிவிட்டு, சும்மா வரிசையாகக் காட்டும் பட்டியலைத் திறந்து வையுங்கள். தகப்பன் பெயரை எழுதும்போது அது தகப்பன்வழி வந்த பெயர் என்று குறிக்கவும் ஒரு தெரிவு இருக்கிறது. வீட்டுப் பெயருக்குத் தனி இடம் உண்டு. எங்கள் பக்கம் பதிவுப் பெயரைச் சொன்னால் பக்கத்து வீட்டாருக்கே ஆளைத் தெரியாது, "கிளி மாமி" என்றால் ஊர் முழுக்கத் தெரியும். வேறு பெயரோடும் சில ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். அதையும் எழுதலாம், பூட்டுக்குறியை அழுத்திவிட்டால் வெளியே அனுப்பும்போது தவிர்த்துவிடலாம். அந்தப் பூட்டைத் தாராளமாகப் பாவியுங்கள்.

பெற்றவர், தத்தெடுத்தவர், வளர்த்தவர் என்று பிள்ளைக்கும் பெற்றோருக்கும் உள்ள தொடர்பைப் பிரித்து எழுதவும் இடமுண்டு. சின்னம்மா வளர்த்த பிள்ளையை எந்தப் பக்கம் போடுவது என்ற சண்டை எங்கள் வீட்டில் அதோடு தீர்ந்தது: இரண்டு பக்கமும்.

இனி அந்தக் குறைத்த ஒன்று. கைத்தொலைபேசிக்கென்று செய்த கிராம்ப்ஸ் செயலி இல்லை. இணையவழிப் பதிப்பு ஒன்று உண்டு, ஆனால் அதற்குச் சேவையகம் அமைக்கத் தெரிந்தவர் வேண்டும். வன்னியில் கணினி உள்ள வீட்டை விடத் தொலைபேசி உள்ள வீடுதான் அதிகம், ஆகவே இது சின்னக் குறை இல்லை. இரண்டாவது, முதல் தடவை திறந்தால் தலை சுற்றும்: ஆட்கள், குடும்பங்கள், நிகழ்வுகள், இடங்கள், மூலங்கள் என்று இடப்பக்கம் முழுக்கப் பெட்டிகள். ஆளையும் குடும்பத்தையும் மட்டும் ஒரு கிழமை தொட்டுப் பழகினால் போதும். மூன்றாவது, உறவுமுறை கணிக்கும் கருவி. நான் ஆங்கிலத்தில்தான் பாவிக்கிறேன். பெரியப்பா மகளும் மாமா மகளும் அதற்கு ஒன்றுதான். எங்களுக்கு ஒருத்தி அக்கா, மற்றவள் மச்சாள். கலியாணம் பேசுகிற வீட்டில் அந்தக் கருவியைத் திறக்காதீர்கள்.

மென்பொருள் இருந்தென்ன, உள்ளே போட விபரம் வேண்டுமே. எனக்குக் கை கொடுத்தவற்றைச் சொல்கிறேன். இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சடிக்கும் அந்தக் கல்வெட்டுத்தான் எங்கள் ஆட்களின் உண்மையான வம்சப் புத்தகம். இறந்தவரின் பூட்டன் பூட்டியில் தொடங்கிக் கொள்ளுப்பேரன்வரை பின்பக்கத்தில் கிளை பிரித்துப் போட்டிருப்பார்கள். வீட்டில் இருந்தது போய்விட்டதா, கொழும்பிலோ பாரிசிலோ உள்ள சொந்தக்காரர் வீட்டுச் சாமித்தட்டில் ஒன்று கிடக்கும், படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஈழத்து நூல்களைச் சேர்த்துவைக்கும் "நூலகம்" என்ற இணையத்தளத்திலும் நினைவு மலர்களை ஸ்கான் செய்து போட்டிருக்கிறார்கள். ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். மரண அறிவித்தலையும் விடாதீர்கள். "காலஞ்சென்றவர்களான" என்று தொடங்கும் அந்த ஒரு வசனத்தில் இரண்டு தலைமுறை இருக்கும், யார் எந்த நாட்டில் என்பது அடைப்புக்குள் இருக்கும்.

அரச கடதாசிகளில் பிறப்புச் சான்றிதழை முழுதாக வாசியுங்கள். தாய் தகப்பனோடு நிற்பதில்லை. பாட்டனார் இலங்கையில் பிறந்தவரென்றால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் கேட்கும் நிரலும் அதில் உண்டு. விவாகச் சான்றிதழில் இரு பகுதியாரின் தகப்பன்மார் பெயரும் இருக்கும். தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். பதிவு இலக்கம் தெரிந்தால் சுகம், தெரியாவிட்டால் ஆண்டையாவது சரியாகச் சொல்ல வேண்டும். குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்த குடும்பங்களுக்கு அனுமதிப்பத்திரம் இன்னொரு மூலம்: பின்னுரித்தாளர் யார், என்ன முறை என்று எழுதியிருக்கும். கத்தோலிக்கர் என்றால் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு. ஞானப் பெற்றோரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், அவர்கள் பெரும்பாலும் மாமன் மாமியாகத்தான் இருப்பார்கள்.

வயதானவர்களிடம் "உங்கட பூட்டன்ர பேர் என்ன?" என்று கேட்டால் தெரியாது என்றுதான் வரும். அப்பம்மாவிடம் நான் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலைப் பற்றிக் கேட்டேன். ஆர் வீட்டுக்காரர் எந்தத் தொண்டு செய்தவை, கடல் தண்ணி எடுக்கப் போற நாளில் ஆர் ஆர் முன்னுக்குப் போனவை என்று தொடங்கினேன். "எங்கட ஐயாவும் பெரியையாவும்தான்" என்று ஆரம்பித்து, பெரியையாவின் முதல் தாரம், அவ செத்தபிறகு அவவின் தங்கச்சியையே கட்டினது, அந்தப் பிள்ளைகள் ஒட்டுசுட்டான் பக்கம் போய்க் குடியிருந்தது எல்லாம் வெற்றிலை மடித்து முடிப்பதற்குள் வந்துவிட்டது. கனடாவிலிருந்து கேட்ட பெயரும் அதற்குள் இருந்தது.

கிராம்ப்ஸில் ஒவ்வொரு தகவலுக்கும் மூலம் எழுதி, அதன் நம்பகத்தை ஐந்து படியில் குறிக்கலாம். சான்றிதழுக்கு மிக உயர்வு, வாய்ச்சொல்லுக்குக் குறைவு என்று கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். பிந்திப் பதிந்த பிறப்புகள் எங்கள் பக்கம் ஏராளம். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டிக் குறைத்தவர்களும் உண்டு. அப்பாவின் பிறந்த நாளுக்குச் சான்றிதழை ஒரு படி கீழேயும் அப்பம்மாவை ஒரு படி மேலேயும் வைத்திருக்கிறேன். இரண்டு திகதியும் உள்ளே இருக்கின்றன.

யாருக்கு வாங்கச் சொல்வேன்? வாங்கவே தேவையில்லை, இறக்கினால் போதும். கணினியில் எக்செல் அளவுக்குப் பழக்கம் உள்ளவருக்கு இது. தொலைபேசி மட்டும் உள்ளவர், குடும்பத்தில் எல்லோரும் சேர்ந்து எழுத விரும்புபவர், எழுதியதை வேற்றாள் திருத்தினாலும் பரவாயில்லை என்பவர் ஃபமிலிசேர்ச்சுக்குப் போகலாம். படங்களோடு சேர்த்து ஒரே கோப்பாகப் பிரதி எடுக்கும் வசதி கிராம்ப்ஸில் உண்டு. மாதம் ஒருக்கால் எடுத்து வெளிநாட்டில் உள்ள ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள், ஒரே வீட்டில் எல்லாவற்றையும் வைத்திருந்த காலம் போதும். அச்செடுப்பதென்றால் ஏ3 தாளில் நாலு தலைமுறை தெளிவாக வரும். அதற்கு மேல் போனால் எழுத்து எறும்பாகிவிடும், கிளிநொச்சியில் கோயில் திருவிழாவுக்குப் பனர் அடிக்கிற கடையில்தான் கொடுக்க வேண்டும்.