வாடகைக்காரர் காலி செய்யும் இரவிலேயே அட்வான்ஸைக் கொடுத்துவிடாதீர்கள்

வீட்டில் ஒரு போர்ஷனை வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தை நம்பியே மாதத்தை ஓட்டுகிறவர்கள் இதைக் கடைசிவரை படியுங்கள். போன வருடம் எனக்கு நடந்தது.

எங்கள் வீடு கிழக்குத் தாம்பரத்தில் இருக்கிறது. கீழே நானும் மாமியாரும் இருக்கிறோம், மாடி வாடகைக்கு. கணவர் தவறிய பிறகு குடும்ப ஓய்வூதியமும் மாடி வாடகையும்தான் வருமானம். வாடகை 14,000, அட்வான்ஸ் 42,000. அந்தக் குடும்பம் மூன்று வருடம் இருந்தது. கணவன், மனைவி, ஒரு சின்னக் குழந்தை. ஐந்தாம் தேதி தப்பாமல் வாடகை வந்துவிடும். ஒரு ராத்திரி மாமியாருக்கு மூச்சு வாங்கியபோது ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தது அந்தத் தம்பிதான். அதை நான் மறக்கவில்லை. ஆனால் அந்த நன்றியில்தான் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்க்காமல் விட்டேன்.

ஜூலை கடைசியில் வந்து, “அம்மா, ஊர்ப்பக்கமே போயிடலாம்னு இருக்கோம். செப்டம்பர் கடைசியில காலி பண்ணிடுறோம். இந்த ரெண்டு மாச வாடகையை அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க” என்றார். ஊரில் எல்லோரும் செய்வதுதானே என்று சரி என்றேன். நான் செய்த முதல் தவறு இது. ரிப்பேர், கரண்ட் பில் என்று எது வந்தாலும் ஈடு கட்ட நம் கையில் இருப்பது அந்த அட்வான்ஸ் ஒன்றுதான். அதை வாடகையாகக் கழித்துவிட்டால், அவர்கள் கிளம்புகிற நாளில் நம்மிடம் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. எனக்கு மிஞ்சியது 14,000.

கிளம்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் போகிறோம் என்றவர்கள் சாமான் ஏற்றி முடிக்க ராத்திரி ஏழரை ஆகிவிட்டது. தூறல் வேறு. வாசலில் டாடா ஏஸ் நிற்கிறது, டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறார், அந்தப் பெண் தோளில் குழந்தை தூங்குகிறது. “அம்மா, வண்டிக்காரருக்குக் கொடுக்கணும், மீதியைப் போட்டு விட்டுடுங்க” என்றார். மாடி ஏறி ஹாலில் நின்றேன். பல்புகளைக் கழற்றியிருந்தார்கள். செல்போன் வெளிச்சத்தில் வீடு துடைத்துவிட்டது மாதிரிதான் தெரிந்தது. அங்கேயே ஜிபேயில் 14,000 அனுப்பினேன், சாவியை வாங்கிக்கொண்டேன். பெட்ரூமுக்குள் காலை வைக்கவில்லை.

மறுநாள் காலையில் ஜன்னலைத் திறந்துவிட்டு ஹாலில் அண்ணாந்து பார்த்தேன். என் கணவர் கடைக்குக் கடை ஏறி இறங்கி வாங்கிய க்ரீம் கலர் ஃபேன் அங்கே இல்லை. பழுப்பு நிறத்தில் ஒரு பழைய ஃபேன் தொங்கியது. ஒரு இறக்கை லேசாக வளைந்திருந்தது. மேலே கொக்கியை மூடுகிற கிண்ணம் மட்டும் எங்களுடையது, அதே க்ரீம் நிறம். கழற்ற வரவில்லையோ என்னவோ, அப்படியே விட்டிருக்கிறார்கள். போன பணத்தைவிட அந்தக் கிண்ணம்தான் எனக்கு ரொம்ப நேரம் கண்ணில் நின்றது.

பெட்ரூமில் பீரோ நின்ற இடத்துச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஓதம். விரலால் தொட்டதும் பூச்சு அரிசி மாவு மாதிரி உதிர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் குழாய். உள்ளே மாதக்கணக்கில் கசிந்திருக்கிறது என்றார் பிளம்பர். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்போதே சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும். டைல்ஸை உடைத்து, குழாய் மாற்றி, மறுபடி பூச 11,500 ஆனது. பாத்ரூம் தண்ணீர் போகிற வழியில் நூலும் துணித்துண்டுமாகத் திரண்டு அடைத்திருந்தது. அவர்கள் மேலே தையல் மிஷின்கள் போட்டு ஆன்லைனில் துணி வியாபாரம் செய்திருக்கிறார்கள் என்பது அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அப்புறம் கரண்ட் பில். மின்வாரியத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங் எடுப்பார்கள். செப்டம்பர் முதல் வாரம் எடுத்தது, அடுத்தது நவம்பரில். பில் 5,870. அக்டோபர் முழுக்க வீடு பூட்டிக் கிடந்தது, எனவே அத்தனை யூனிட்டும் அவர்கள் ஓட்டியது. போன் செய்தேன். இரண்டு முறை “அனுப்பிடுறேன்மா” என்றார். மூன்றாவது முறை எடுக்கவில்லை. இணைப்பு என் கணவர் பெயரில் இருக்கிறது, கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்குவது என் வீட்டில். நானே கட்டினேன்.

இதெல்லாம் பணம், போகட்டும் என்று விட்டிருப்பேன். பிப்ரவரியில் வந்தது ஒரு பதிவுத் தபால். எங்கள் வீட்டு முகவரிக்கு, நான் கேள்விப்படாத ஒரு கடைப் பெயருக்கு, ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்யவில்லை என்று நோட்டீஸ். அப்போதுதான் ஞாபகம் வந்தது. முந்தின வருடம் கேஸ் கனெக்‌ஷனுக்கு என்று சொல்லி கரண்ட் பில் ஜெராக்ஸும், ஆங்கிலத்தில் டைப் செய்த ஒரு தாளில் என் கையெழுத்தும் வாங்கிப் போனார். அது இந்த முகவரியில் தொழில் நடத்த வீட்டுக்காரர் சம்மதிக்கிறார் என்ற கடிதம். ஜிஎஸ்டி பதிவில் முகவரியைக் காட்ட இந்த மாதிரிக் கடிதமும் கரண்ட் பில்லும் போதுமாம்.

என் தம்பியைக் கூட்டிக்கொண்டு வரி அலுவலகத்துக்குப் போனேன். அவர்கள் காலி செய்துவிட்டார்கள், அந்தக் கடைக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று எழுதிக் கொடுத்தோம். எப்போது காலி செய்தார்கள், ஏதாவது சான்று இருக்கிறதா என்று கேட்டார்கள். ஒரு துண்டுக் காகிதம்கூட என்னிடம் இல்லை. அந்த இரவு 14,000 அனுப்பிய ஜிபே ரசீதைத்தான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். நகலில் சீல் வைத்துக் கொடுத்தார்கள். அதை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

சட்டத்தைத் தம்பி தேடிப் படித்துக் காட்டினான். 2017இல் நிறைவேறி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் இது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்க, காலி செய்த நாளிலிருந்து ஒரு மாதம் அவகாசம் இருக்கிறது. வாடகைக்காரர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்தால் போதும். இது தெரிந்திருந்தால் ஹாரன் சத்தத்துக்கு நான் பதறியிருக்க மாட்டேன்.

யார் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதற்கும் அதில் பட்டியல் இருக்கிறது. குழாய், வாஷர், வடிகால் அடைப்பு, சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி இவை வாடகைக்காரர் பொறுப்பு. சுவருக்கு வெள்ளை அடிப்பது, கதவுக்குப் பெயின்ட், தேவைப்படும்போது பைப் லைன் மாற்றுவது, ஒயரிங் இவை நம் பொறுப்பு. பெயின்ட்டுக்கு என்று ஒரு மாத வாடகையைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கிறோமே, அது நியாயமில்லை. நானும் முன்பு பிடித்திருக்கிறேன், இனி செய்யமாட்டேன். “கேட்டைப் பூட்டி சாமானைப் பிடித்து வைத்திருக்கலாமே”, “தண்ணீரை நிறுத்தியிருக்கலாமே” என்று சொன்னவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தினால் சட்டப்படி தவறு நம்மேல்தான்.

காலி செய்ய ஒரு வாரம் இருக்கும்போதே, முந்தின நாள் சொல்லிவிட்டு, பகலில் மேலே போய்ப் பாருங்கள். பீரோவையும் கட்டிலையும் கொஞ்சம் நகர்த்தச் சொல்லுங்கள். சாவியை வாங்குவது சாமான் எல்லாம் இறங்கிய பிறகு, பகல் வெளிச்சத்தில். ராத்திரி ஆகிவிட்டால், “மீதியை நாளைக்குப் பார்த்துவிட்டு அனுப்புகிறேன் தம்பி” என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். எல்லாக் குழாயையும் திறந்து பாருங்கள், பாத்ரூமில் ஒரு பக்கெட் தண்ணீரைக் கொட்டி எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று நின்று பாருங்கள். மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்து, போன ரீடிங்கிலிருந்து எத்தனை யூனிட் என்று கணக்குப் போட்டு அந்தத் தொகையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மின்வாரிய இணையதளத்தில் யூனிட்டைப் போட்டால் தொகை வந்துவிடும்.

ஒரு தாளில், இந்தத் தேதியில் காலி செய்கிறேன், மீட்டர் ரீடிங் இவ்வளவு, சாவி இத்தனை கொடுத்தேன், இந்த முகவரியில் என் பெயரில் உள்ள பதிவுகளை மாற்றிக்கொள்கிறேன் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்டை அன்றைக்கே மாற்றுங்கள். எதற்கு என்று புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஜனவரியில் புதுக் குடும்பம் வந்திருக்கிறது. வரும்போதே வாடகைக்கு வந்த பையனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ரூமாக வீடியோ எடுத்தோம், ஃபேன் உட்பட. அவரும் தன் போனில் ஒரு பிரதி வாங்கிக்கொண்டார். பழைய கடைப் பெயருக்கு இன்னும் தபால் வருகிறது. கையெழுத்துப் போட்டு வாங்காமல், ஆள் இங்கே இல்லை என்று எழுதித் திருப்பிவிடும்படி தபால்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.